கன்சல்டன்ட் வந்திருக்கிறார்

(அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட்-நட் கம்பெனி. கரண்ட் போய்விட்டதால் முதலாளிக்கும் கணக்குப் பார்க்கும் கோமதிக்கும் பேச நேரம் கிடைத்தது.)

முதலாளி: ஏம்மா கோமதி, கன்சல்டன்ட் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஒன்றும் நகர்ந்த மாதிரி தெரியவில்லையே?

கோமதி: உங்கள் நாற்காலி கிழக்கே நகர்ந்ததே சார்.

முதலாளி: அது வாஸ்துக்காரர் சொன்னது.

கோமதி: அவராவது வந்த அன்றே கிளம்பிவிட்டார். இவரிடம் என்ன வேலை சொன்னீர்கள்?

முதலாளி: கம்பெனியை முன்னேற்றச் சொன்னேன்.

கோமதி: அவ்வளவுதானா? ‘சரக்கு ஏன் லேட்டாகப் போகிறது, அதை மட்டும் ஒரு மாதத்தில் கண்டுபிடியுங்கள்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாமே. இப்போது உங்கள் மாப்பிள்ளை அவரிடம் வெப்சைட் கேட்கிறார். தம்பி துபாய்க்கு ஏற்றுமதி செய்ய வழி கேட்கிறார். நேற்று லேத் முருகேசன் போய் லீவு கேட்டிருக்கிறார்.

முதலாளி: கொடுத்துவிட்டாரா?

கோமதி: மூன்று நாள்.

முதலாளி: அடப்பாவி! இனிமேல் யார் எது கேட்டாலும் உன் வழியாகத்தான் போக வேண்டும். சரி, பில் வேறு வந்திருக்கிறதாமே?

கோமதி: ஒரு லட்சம். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 1,18,000. அந்த ஜிஎஸ்டியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். அப்புறம், ஒரு லட்சத்துக்கு 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது அவருடைய வருமான வரிக்காக முன்கூட்டியே, நாம் பிடிக்க வேண்டும்.

முதலாளி: (முகம் மலர்ந்து) பத்தாயிரம் மிச்சமா!

கோமதி: நமக்கு இல்லை சார். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அவர் கணக்கில் அரசாங்கத்துக்குக் கட்டிவிட வேண்டும்.

(கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. முதலாளி முகத்தில் மட்டும் வெளிச்சம் இல்லை.)

முதலாளி: வேலையே முடியவில்லை, அதற்குள் பணமா?

கோமதி: ‘ரிப்போர்ட் வந்தால்தான் பில்’ என்று நான் சொல்லி வைத்தேன். மறுநாளே நாற்பது பக்கம் வந்துவிட்டது. முப்பத்தெட்டு பக்கம் நான் கொடுத்த கணக்குதான். கலர் அடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

முதலாளி: மீதி ரெண்டு?

கோமதி: சொந்தமாக எழுதியது. படிக்கட்டுமா? ‘கம்பி வாங்கும் ஆர்டர்கள் முதலாளியின் கையெழுத்துக்காக அவர் மேஜையில் ஒன்பது பத்து நாள் கிடக்கின்றன. சரக்கு தாமதத்துக்கு அதுவே காரணம்.’

முதலாளி: (எழுந்து) இந்த ஆளுக்குச் சல்லிக்காசு கொடுக்காதே! செக் எழுதிவிட்டாயா?

கோமதி: போன வாரமே எழுதிவிட்டேன் சார். கையெழுத்துக்காக உங்கள் மேஜையில்தான் கிடக்கிறது.