அது டைட்டன் ஆரம் இல்லை, சட்டிக்கரணை

திரும்பவும் சொல்றன். பூங்காவில '100 வருசத்துக்கு ஒருக்காப் பூக்கிற டைட்டன் ஆரம்' பூத்திட்டுது எண்டு வீடியோ போட்டு, சனம் வரிசையில நிண்டு பால் ஊத்திச் சூடம் கொளுத்துது. அங்க பூத்தது டைட்டன் ஆரம் இல்லை, சட்டிக்கரணை. கறி வைக்கிற அதே கரணை. எத்தினை ஆயிரம் பேர் அந்த வீடியோவைப் பகிர்ந்தாலும் அது கரணைதான்.

டைட்டன் ஆரம் சுமாத்திராக் காட்டுக்குரியது. அழியிற ஆபத்தில இருக்கிற உயிரினங்களைக் குறிக்கிற உலகச் சிவப்புப் பட்டியலில 2018இல அழிவாபத்துள்ள இனமா ஏறினது. நடுத்தண்டு ஈட்டி மாதிரி, சிலவேளை 3 மீற்றர் வரை நிமிர்ந்து நிக்கும். கரணைப் பூ முழங்காலளவுதான். நடுவில மூளை மாதிரிச் சுருங்கின ஊதாக் குமிழ். ரெண்டும் ஒரே பேரினம், ரெண்டும் பிணநாத்தம், அதோட சரி. '100 வருசத்துக்கு ஒருக்கா' எண்டது டைட்டன் ஆரத்துக்கே பொய். முதல் பூவுக்கு 7–10 வருசம் எடுக்கும், பிறகு சில வருசத்துக்கு ஒருக்காப் பூக்கும்.

பேர் மாறினதை விடுவம். பால் ஊத்தினியளே, அது? நடுத்தண்டைச் சுத்தி நிக்கிற மடல் ஒரு புனல். பெண்பூ அடியில, ஆண்பூ அதுக்கு மேல. ஊத்தினதெல்லாம் அடியில தேங்கிப் பெண்பூ அழுகும். சூடம் வேறை! அந்த நாத்தமே வண்டையும் ஈயையும் கூப்பிடத்தான். முதல் நாள் பெண்பூ தயார், ஆண்பூ மகரந்தம் விடுறது அதுக்குப் பிறகு. வேறை பூவில இருந்து பூச்சி கொண்டு வந்தால்தான் காய். புகைக்குள்ள எந்தப் பூச்சி வரும்? கிழங்கைக் கிண்டிப் பாத்த மகராசனுக்கும் ஒரு கும்பிடு. காயப்பட்ட கிழங்கில தண்ணி நிண்டா அழுகல்தான்.

"கரணை பூக்கிறதும் அபூர்வம்தானே?" நியாயமான கேள்வி. வருசாவருசம் கிண்டித் தின்னுறதால நாங்கள் காணுறேல்லை. சில வருசம் விட்டு வையுங்கோ, முதல் மழையோட இலைக்கு முன்னம் உங்கட வளவிலயே பூக்கும்.

"படிச்ச திமிர்" எண்டவைக்கு: இதுக்குப் படிப்பெதுக்கு? கரணை வெட்டிக் கை கடிச்சுப் புளித்தண்ணியில கழுவின எந்த அம்மாவும் சொல்லுவா. ஒருத்தரும் அவையைக் கேக்கேல்லை.

அபூர்வம் பாக்க ஆசையெண்டா முதிரை பூக்கேக்க காட்டுப் பக்கம் போங்கோ. அதுவும் சிவப்புப் பட்டியலில இருக்கிற மரம்தான். குட்டி வெள்ளைப் பூ, செல்ஃபியில விழாது. ராவில முதிரைக் குத்தி ஏத்திக்கொண்டு போற லொறிக்குப் பின்னால மட்டும் ஒரு வரிசையையும் நான் காணேல்லை. அதுக்கு ஒரு லைக்கும் விழாது, தெரியும்.

வீடியோவை அழிக்க வேண்டாம், தலைப்பில 'கரணை' எண்டு மாத்துங்கோ. கிட்ட இருக்கிறவை பஞ்சால மடலுக்குள்ள நிக்கிற பாலை ஒற்றி எடுத்து, கிழங்குக்கு மண் அணைச்சு விடுங்கோ. இண்டைக்கே.