ரெக்கார்டு அழகாக இருக்கிறது, கை பழகவில்லையே

பி.எட். உயிர் அறிவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைத் தங்கள் வகுப்புக்குள் விடுகிற வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் இந்தப் பதிவு.

இரண்டு வருடப் படிப்பில் பள்ளிக்கூடத்தில் நிற்பது மொத்தம் 20 வாரம். முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. அந்த 16 வாரமும் எதில் கரைகிறது? லெசன் பிளான், சார்ட், தெர்மாகோல் மாடல், இதையெல்லாம் எழுதி வைக்கிற ரெக்கார்டு நோட்டு. உயிரியல் ஆசிரியருக்கான பயிற்சி லேப் மேசையிலும் பள்ளிக்கூட வேலியோரத்திலும்தான் நடக்க வேண்டும். சார்ட்டில் இதயம் வரைந்து வண்ணம் தீட்டும் நேரத்தில் பாதியை ஓர் ஆட்டு இதயத்தைத் திறந்து பார்க்கக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நுண்ணிலைக் கற்பித்தலை, அதாவது ஒரே ஒரு கற்பிக்கும் திறனைச் சில நிமிடம் நடத்திப் பழகும் மைக்ரோ டீச்சிங்கை, வேண்டாம் என்று சொல்லவில்லை. 6 நிமிடம் கற்பித்தல், 6 பின்னூட்டம், 12 மறுதிட்டம், 6 மறுபடி கற்பித்தல், 6 மறுபடி பின்னூட்டம் என்று 36 நிமிடச் சுற்று நல்ல ஏற்பாடு. ஆனால் கல்லூரியில் சக மாணவர்களே பிள்ளைகளாக உட்காருவதால் தப்பான பதில் வருவதே இல்லை. உண்மையான ஒன்பதாம் வகுப்பில் முதல் கேள்விக்கே "செடி மண்ணுலேருந்துதான் சாப்பாடு எடுக்கும் டீச்சர்" என்று வரும். "செடி ராத்திரி மட்டும்தான் மூச்சு விடும்" என்று அடுத்தது வரும். எனவே பிள்ளைகளாக உட்காருகிறவர்களிடம் இப்படிப்பட்ட தப்பான பதில்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, வேண்டுமென்றே சொல்லச் சொல்லுங்கள். துருவிக் கேட்கும் திறன் அப்போதுதான் பழகும்.

இனி கை வேலை. தண்டின் குறுக்குவெட்டை பி.எஸ்சி.யில் எல்லோரும் எடுத்திருப்பார்கள். 40 பிள்ளைகள் முன்னால் எடுப்பது வேறு. வெட்டுக்காயப் பூண்டின் இளந்தண்டு போதும், எங்கும் கிடைக்கும். புது பிளேடு, தண்டும் பிளேடும் நனைந்திருக்க வேண்டும். அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுக்காமல் ஒரே வீச்சில் உங்கள் பக்கமாக இழுங்கள். இருபது சீவல் எடுத்தால் இரண்டு தேறும். தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதை பிரஷ்ஷால் எடுங்கள். சேஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் ஒன்றிரண்டு நிமிடம், சாயம் வடிவது நிற்கும்வரை தண்ணீரில் அலசல், ஒரு சொட்டு கிளிசரின், கவர் ஸ்லிப்பைச் சாய்த்து ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக இறக்க வேண்டும். நேராகப் போட்டால் காற்றுக்குமிழி மாட்டும். கறுப்பு விளிம்போடு வட்டமாகத் தெரியும் அந்தக் குமிழியைத்தான் பாதிப் பிள்ளைகள் செல் என்று வரைந்து வைப்பார்கள். நீரைக் கடத்தும் சைலம் குழாய்கள் வட்டமாக இல்லாமல் நீண்டு தெரிந்தால் வெட்டு சாய்ந்துவிட்டது என்று பொருள். மைக்ரோஸ்கோப்பில் எப்போதும் 10 மடங்கு லென்ஸிலிருந்து தொடங்குங்கள். பெரிய லென்ஸை வைத்துக்கொண்டு பெரிய திருகைத் திருப்பினால் ஸ்லைடு உடையும், லென்ஸும் கீறும்.

இதே பாடத்துக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிடைக்கிற வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. குலசேகரம், திற்பரப்பு, கீரிப்பாறைப் பக்கம் பள்ளிக்குப் போகிறவர்கள் உணவைக் கடத்தும் புளோயம் திசுவை நடத்த சார்ட் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ரப்பர் மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். பால் குழாய்கள் இருப்பது, புதுப்பட்டையையும் கட்டையையும் உண்டாக்கும் கேம்பியம் என்ற மெல்லிய படலத்துக்கு வெளியே, உள்பட்டையின் புளோயம் பகுதியில். பால் வெட்டுகிறவர் கேம்பியத்தைத் தொடாமல் சுமார் 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டுகிறார். கத்தி ஆழமாகப் போனால் புதுப்பட்டை சரியாக வளராது, முண்டு விழும். வெட்டு மரத்தைச் சுற்றிப் பாதி அளவுக்குத்தான் போகும். முழு வளையமாகப் பட்டையை எடுத்தால் இலையில் செய்த உணவு வேருக்கு இறங்காது. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வெட்டுவது, பால் குழாய்கள் வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஏறுவதால். அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். விடியுமுன் வெட்டுவது ஏன்? நீராவிப்போக்கு குறைவாக இருக்கும் நேரத்தில் செல்களின் விறைப்பழுத்தம் (உள்ளே நிறைந்த நீர் செல்சுவரைத் தள்ளும் அழுத்தம்) அதிகம், பால் நன்றாக ஓடும். பால் கூட வர மரத்தில் பூசுகிற எத்திஃபான் என்ற மருந்து எத்திலீனை வெளிவிடும், அது தாவர ஹார்மோன் பாடம். ஒரே மரத்தில் பத்தாம் வகுப்பின் மூன்று பாடம் இருக்கிறது. பால் வெட்டுகிறவரின் பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால் முதலில் அந்தப் பிள்ளையைப் பேச விடுங்கள்.

தென்னைக்கு கேம்பியம் கிடையாது. ஏறுவதற்கு வெட்டிய படி எத்தனை வருடமானாலும் மூடாமல் நிற்பது அதனால்தான். வெட்டிப் போட்ட தென்னந்தடியின் முகத்தில் சிதறிய புள்ளிகளைக் காட்டினால் ஒருவித்திலைத் தண்டு வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஆட்டு இதயம் வாங்குவதற்கு முந்தின நாளே கறிக்கடையில் சொல்லிவையுங்கள், மேலே குழாய்கள் இரண்டு விரல் நீளமாவது ஒட்டியிருக்க வேண்டும் என்று. சொல்லாவிட்டால் அவர்கள் மேலறையான ஆரிக்கிளோடு சேர்த்து வெட்டி, ரத்தம் போக நடுவிலும் கீறித் தருவார்கள்; பாடம் அங்கேயே முடிந்தது. உறைந்த ரத்தத்தைக் கழுவிவிட்டு, முதலில் பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள்: அரைச்சந்திர வால்வு மூடி நீரைத் தாங்கி நிற்கும். பிறகு நுரையீரல் தமனி வழியாகக் கத்தரியை இறக்கி கீழறையான வலது வெண்ட்ரிக்கிளைத் திறந்து, அடுத்து இடது வெண்ட்ரிக்கிளையும் திறந்து, இரு சுவர்களின் தடிப்பையும் விரலால் தொட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். தமனி என்றாலே நல்ல ரத்தம் என்ற தப்பெண்ணத்தை, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் போகும் நுரையீரல் தமனியைக் கையில் பிடித்தபடியே திருத்தலாம். தொட விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று அயோடின் விட்டுப் பார்க்கும் சோதனை தோற்பது பெரும்பாலும் மழையால். நமக்கு இரண்டு பருவமழை. மேகமூட்டமான நாளில் பறித்த இலையில் நிறம் சரியாக வராது. செம்பருத்திச் செடியை 48 மணி நேரம் இருட்டில் வைத்து, பின் 5 மணி நேரமாவது நல்ல வெயிலில் வையுங்கள். இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, அடுப்பை அணைத்த பிறகே, இலை போட்ட ஆல்கஹால் சோதனைக் குழாயை அந்த வெந்நீரில் வையுங்கள். ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும், தீ எதற்கு? பச்சையம் போன இலை மொறுமொறுவென்று ஒடியும். வெந்நீரில் ஒருமுறை முக்கினால் வளையும், அதன்பிறகு அயோடின் விடுங்கள்.

அட்டை பாடத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. பாடநூலில் இருப்பது நன்னீரில் வாழும் கால்நடை அட்டை, ஹிருடினேரியா. பேச்சிப்பாறை மலைப்பக்கப் பிள்ளைகள் காலில் ஏறுவது நில அட்டை, இரண்டும் வேறு.

மொழியும் பெரிய தடைதான். ஆங்கில வழியில் பி.எஸ்சி. முடித்து வந்து தமிழ் வழி வகுப்பில் நிற்கும்போது, மைட்டாசிஸ் மறைமுகப் பகுப்பா குன்றல் பகுப்பா என்று நாக்கு தடுமாறும். மைட்டாசிஸ் மறைமுகம், மியாசிஸ் குன்றல், ஏமைட்டாசிஸ் நேர்முகம். ஆறு முதல் பத்து வரை தமிழ் வழிப் பாடநூல்களை வாய்விட்டுப் படியுங்கள். இனப்பெருக்கப் பாடத்தை இன்னும் அதிகமாக. "நீங்களே படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் தாண்டுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். மாதவிடாய், விந்தகம், அண்டகம் என்ற சொற்களைக் குரல் தாழாமல், சிறுநீரகம் என்று சொல்வதைப் போலவே சொல்லிப் பழக வேண்டும். பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வையுங்கள்.

டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் இந்தக் கை வேலை எதுவும் செய்துகாட்டச் சொல்லப்படுவதில்லை. இரண்டாம் தாள் 150 மதிப்பெண், அதில் 60 கணிதமும் அறிவியலும் சேர்ந்தது. விலங்கியல் படித்தவர்களும் கணக்கு போட்டே ஆக வேண்டும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், லேப் நேரத்தைப் பிடுங்காதீர்கள்.

பள்ளிக்குப் போகும் முதல் நாள் லேப் அலமாரியில் அயோடின் குப்பியைத் திறந்து பாருங்கள். வெளிறியிருந்தால் புதிதாகக் கலக்க வேண்டும். 2 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடினைப் போட்டு முழுதாகக் கரைந்த பிறகு 100 மில்லியாக்குங்கள். அயோடினை நேரே தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் கிடக்கும். பழுப்பு நிறக் குப்பியில் ஊற்றி, கலந்த தேதியை ஒட்டிவையுங்கள்.