அவரும் ஒரு புள்ளி

போன வாரம் காரைக்குடியில் ஒரு மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடை டிவியில் நாடாளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு உறுப்பினர் பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கடைக்கார அண்ணன் துவரம்பருப்பை எடைபோட்டபடியே, "பேசிப் பேசி என்னத்தக் கண்டாங்க தம்பி? சட்டத்தப் போட்டமா, வேலையப் பார்த்தமான்னு இருக்க வேண்டியதுதானே" என்றார். எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் நகரச் சிவன் கோயிலுக்கு (நகரத்தார் கோயில்) அப்பச்சி, அதாவது என் அப்பா, காரியக்காரராக, நிர்வாகம் பார்ப்பவராக இருந்தார்கள். கும்பாபிஷேகம் முடிந்து கணக்கு ஒப்புவிக்க நகரக் கூட்டம் போட்டிருந்தார்கள். இரவு பத்து மணி தாண்டிவிட்டது. எண்ணெய்ச் செலவை வாசித்தபோது பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். புள்ளி வரி கட்டவே சிரமப்பட்டவர் அவர். "தம்பி, அந்த டின் கணக்கை இன்னொரு தரம் வாசிங்க" என்றார். கூட்டத்தில் சலசலப்பு. "நேரமாச்சு, கையத் தூக்கி முடிச்சுக்குவோம்" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். அப்பச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இருங்க. அவரும் ஒரு புள்ளி. கேட்டு முடிக்கட்டும்" என்றார்கள்.

சிட்டையைத் திரும்ப எடுத்து நாள்வாரியாக வாசித்தார்கள். ஆறு டின் எண்ணெய் இரண்டு இடத்தில் ஏறியிருந்தது. டின் வந்த அன்று ஒரு தரம், பணம் கொடுத்த அன்று ஒரு தரம். யாரும் திருடவில்லை, எழுதியவருக்குக் கைத்தவறு. அப்பச்சி எல்லார் முன்னாலும் அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பேரேட்டைத் திருத்தி ஐந்தொகையை மறுபடி கூட்டி முடிக்க நள்ளிரவாகிவிட்டது. நான் பெட்ரோமாக்ஸ் பக்கத்தில் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன்.

இந்தப் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் நகரத்தாரில் கல்யாணம் முடித்துத் தனிக் குடும்பமானால் ஒரு புள்ளி. கோயில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் விழும். பர்மா, மலேயா என்று லேவாதேவி செய்து வந்த பெரிய வீட்டுக்காரரும் ஒரு புள்ளிதான், அன்று எண்ணெய் டின்னைப் பற்றிக் கேட்டவரும் ஒரு புள்ளிதான். வரி கட்டியவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. இதை எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, அந்த ராத்திரி பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சரி, இப்போது டில்லிக்கு வருவோம். மத்திய அரசு செலவு செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு அமைச்சகத்துக்குமான மானியக் கோரிக்கையை, அதாவது இவ்வளவு பணம் வேண்டும் என்ற கோரிக்கையை, மக்களவை வாக்களித்து ஏற்க வேண்டும். அரசியலமைப்பின் 113ஆவது பிரிவு சொல்வது இது. நடைமுறையில் சில அமைச்சகங்களை மட்டும் விவாதிக்கிறார்கள். கடைசி நாளில் மிச்சம் உள்ளதை எல்லாம் ஒன்றாகக் கட்டி ஒரே வாக்கெடுப்பில் முடித்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர் கில்லட்டின். பிரான்ஸில் தலை வெட்டிய எந்திரத்தின் பெயர். 2023 மார்ச்சில் அந்தச் சில அமைச்சகங்களைக்கூட விவாதிக்கவில்லை. சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகள் எல்லாம், அமளிக்கு நடுவே, ஒரு சொல் விவாதம் இல்லாமல் நிறைவேறின. எங்கள் ஊரில் ஆறு டின் எண்ணெய்க்கு நள்ளிரவு வரை உட்கார்ந்தார்கள்.

இதை ஒரு கட்சியின் தலையில் மட்டும் கட்ட நான் எழுதவில்லை. 2018இலும் இதேதான் நடந்தது. காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் 2004இலும் 2013இலும் எல்லாக் கோரிக்கைகளும் விவாதமில்லாமலே போயின. அந்த இரண்டு வருஷமும் நிதியமைச்சர் ப.சிதம்பரம், எங்கள் சிவகங்கைத் தொகுதியின் உறுப்பினர். எங்கள் மண்ணின் மனிதர் பட்ஜெட் போடுகிறார் என்று பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்த பட்ஜெட் பேசப்படாமல் போனபோது எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

எதிர்க்கட்சிகள் கத்திக் கூச்சல் போட்டால் அரசு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதாகையோடு அவையின் நடுவே போய் நிற்பவர்களும் என் நேரத்தைத்தான் வீணாக்குகிறார்கள். ஆனால் கூட்டத்தொடரை எப்போது கூட்டுவது, எத்தனை நாள் நடத்துவது என்பது அரசின் கையில் இருக்கிறது. முதல் மக்களவை ஐந்து வருஷத்தில் 677 நாள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவை கூடியது 274 நாள். மசோதாக்களைப் பல கட்சி உறுப்பினர்கள் இருக்கும் நிலைக்குழுவுக்கு அனுப்பினால் அங்கே கேமரா இல்லாமல், கூச்சல் இல்லாமல் வரிவரியாகப் பார்ப்பார்கள். அப்படி அனுப்பப்பட்டவை 15ஆவது மக்களவையில் 71 சதவீதம், 17ஆவதில் 16 சதவீதம். இந்தக் குறைச்சலுக்குக் கூச்சலைக் காரணம் சொல்ல முடியாது.

நேரக் கட்டுப்பாடே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 1881இல் லண்டனில் அயர்லாந்து உறுப்பினர்கள் ஒரு மசோதாவைத் தடுக்க விடாமல் பேசி, அவை 41 மணி நேரம் தொடர்ந்து நடந்தது. கடைசியில் சபாநாயகரே விவாதத்தை முடித்துவைத்தார். விவாதத்தை மூடும் விதிகள் அங்கே அதற்கப்புறம்தான் வந்தன. ஒருவரே விடிய விடியப் பேசினால் எங்கள் நகரக் கூட்டத்திலும் உட்காரச் சொல்வார்கள். ஆனால் கேட்டு முடித்தவரை உட்காரச் சொல்வது வேறு, கேட்க எழுந்தவரை உட்காரவைப்பது வேறு.

கனடாவில் 1956இல் எரிவாயுக் குழாய் மசோதாவை அவசரமாக நிறைவேற்ற அரசு ஒவ்வொரு கட்டத்திலும் விவாதத்தை மூடியது. மசோதா நிறைவேறியது. மறுவருஷத் தேர்தலில், இருபது வருஷத்துக்கு மேல் ஆண்ட லிபரல் கட்சி ஆட்சியை இழந்தது. அந்த மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் தன் தொகுதியிலேயே தோற்றார்.

நம் ஊரில் நடந்ததைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்களில் இரண்டு மாநிலங்களவைக்கு வந்தன. மசோதாவை ஆராயும் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்றார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள், எண்ணி வாக்கெடுங்கள் என்றார்கள். ஆள் எண்ணாமல், 'ஆம்', 'இல்லை' என்ற சத்தத்தை வைத்து முடிவுசெய்யும் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார்கள். உள்ளே பேசவிடாத பேச்சு ரோட்டுக்கு வந்தது. டில்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல், வெயிலிலும் குளிரிலும் டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று சட்டங்களை ரத்து செய்யும் மசோதா வந்தது. அதுவும் விவாதமில்லாமல், சில நிமிடங்களில், இரண்டு அவையிலும். ஏன் கொண்டுவந்தோம், ஏன் திரும்பப் பெறுகிறோம் என்று அவை விவாதிக்கவே இல்லை. ரத்தானதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அது ரத்தான விதம் இன்றைக்கும் வலிக்கிறது.

சென்னையிலும் இதே அவசரத்தைப் பார்த்தோம். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தொழிற்சங்கங்களை முன்னாலேயே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அந்தப் பத்து நாள் தவிப்பு யாருக்கும் இருந்திருக்காது.

எங்கள் சிவகங்கைத் தொகுதியில் சுமார் 16 லட்சம் வாக்காளர்கள். அத்தனை பேருக்கும் மக்களவையில் இருப்பது ஒரே நாற்காலி. விவாத நேரத்தைக் கட்சிகளின் பலத்தை வைத்துப் பிரிப்பதால், சின்னக் கட்சிக்காரருக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைப்பதே பெரிது. அந்த நிமிடத்தையும் பிடுங்கினால் போவது அந்த உறுப்பினருடைய நேரம் இல்லை அண்ணே. துவரம்பருப்பு விலையைப் பற்றியும், உங்கள் ஜி.எஸ்.டி. பில்லைப் பற்றியும் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய நேரம் அது.

வருஷத்துக்கு இத்தனை நாள் அவை கூடியே ஆக வேண்டும் என்று சட்டம் வேண்டும். பண மசோதா உட்பட எதையும் குழுவுக்கு அனுப்பாமல் முடிக்கக் கூடாது. பிரிட்டனில் ஒரு கூட்டத்தொடரில் 20 நாள், என்ன பேசுவது என்பதை எதிர்க்கட்சிகள் முடிவுசெய்கின்றன. இங்கேயும் அப்படிக் கொடுக்கலாம்.

ஒவ்வொரு உறுப்பினரும் என்ன பேசினார், என்ன கேள்வி கேட்டார் என்பது மக்களவை இணையதளத்தில் இருக்கிறது. எங்கள் தொகுதிப் பக்கத்தை நேற்று உட்கார்ந்து வாசித்தேன். அடுத்த தரம் எம்.பி. இந்தப் பக்கம் கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்: "பட்ஜெட்டில் பேச உங்களுக்கு எத்தனை நிமிஷம் கொடுத்தாங்க? அதுல எங்களுக்காக என்ன கேட்டீங்க?" மளிகைக் கடை அண்ணனையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன்.