மாடு செய்த ரம்பம்

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஜனங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஒரு பத்திரிகை ஜோக்கைப் பற்றி எழுதப் போகிறேன். நீளமான பதிவு, அவசரம் உள்ளவர்கள் கடந்துவிடலாம்.

கேரி லார்சன் அமெரிக்க நாளிதழ்களில் வரைந்துவந்த 'தி ஃபார் சைடு' ஒற்றைக் கட்டக் கார்ட்டூன். 1982 அக்டோபர் 28 அன்று வந்ததில் ஒரு மாடு இரண்டு காலில் நிற்கிறது. அதன் முன்னால் ஒரு மேசை, மேசைமேல் வரிசையாக நான்கு சாமான்கள். ஒன்று ஏதோ ரம்பம் மாதிரித் தெரிகிறது. மற்ற மூன்றும் என்னவென்று பிரம்மனுக்கே வெளிச்சம். கீழே 'மாட்டுக் கருவிகள்' என்று இரண்டே சொல்.

அப்புறம்தான் கூத்து. பத்திரிகைகளுக்கும் லார்சனுக்கும் கடிதமும் போனும் குவிந்தன. வானொலிக்காரர்கள்கூட விளக்கம் கேட்டார்கள். ஒரு வாசகர், முனைவர் பட்டம் வாங்கிய நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் அதைக் காட்டியும் ஒருவருக்கும் புரியவில்லை, என் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியவில்லை என்று எழுதினார். (பிள்ளையைக் கடைசியில் சேர்த்தாரே, அதுதான் கார்ட்டூனைவிட நல்ல ஜோக்.) லார்சன் கடைசியில் அறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று. தன் பிழைப்பு போச்சு என்றுதான் அப்போது நினைத்தாராம்.

அவர் சொன்ன விளக்கம் ரொம்ப எளிது. கருவி செய்யத் தெரிந்ததுதான் மனிதனை மிருகத்திடமிருந்து பிரிக்கிறது என்று ஒரு காலத்தில் மானிடவியலில் சொல்லிவந்தார்கள். 1960இல் தான்சானியாவின் கோம்பே காட்டில் விலங்கு ஆய்வாளர் ஜேன் குடால், சிம்பன்சி ஒரு குச்சியின் இலைகளை உருவி எறிந்துவிட்டுப் புற்றுக்குள் விட்டுக் கரையான் பிடிப்பதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு ஆட்டம் கண்டது. சரி, குரங்கு செய்கிறது, மாடு செய்தால் எப்படி இருக்கும்? கேவலமாக இருக்கும். அதுதான் ஜோக், மொத்தமும் அவ்வளவுதான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வாசகர்களைக் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தப்பு அந்த ரம்பத்தில் இருக்கிறது, இதை லார்சனே பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்கும் அடையாளம் தெரியாத கட்டைகளாக இருந்திருந்தால் பார்த்தவர் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார். ஒன்று ரம்பம் என்று தெரிந்துவிட்டால் அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று கேட்கத்தானே தோன்றும்? குறுக்கெழுத்தில் ஒரு எழுத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு விடையே கிடையாது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

நம் வாரப் பத்திரிகை ஜோக்குகளில் இந்தச் சிக்கல் கிடையாது. மன்னர் என்றால் போர்க்களத்திலிருந்து ஓடுவார், டாக்டர் என்றால் ஆபரேஷனில் ஆள் காலி, மாமியார் வந்தால் மருமகன் முகம் தொங்கும். ஆட்களைப் பார்த்த உடனேயே பாதி ஜோக் புரிந்துவிடும். லார்சனுக்கு அப்படி நிலையான ஆட்கள் இல்லை. ஒருநாள் மாடு, மறுநாள் அமீபா, அதற்கு மறுநாள் விஞ்ஞானி. தினமும் புதிதாக ஆரம்பிக்கிறார். படமும் கீழே உள்ள வரியும் தவிர வாசகர் கையில் வேறு எதுவும் இல்லை.

அந்த இரண்டையும் சேர்த்து எப்படியாவது ஒரு அர்த்தம் பண்ணாமல் நம் மூளை விடாது என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 'டேட்டன் டெய்லி நியூஸ்' என்ற ஒஹையோ நாளிதழில் 'தி ஃபார் சைடு' படமும் 'டென்னிஸ் தி மெனஸ்' என்ற குறும்புச் சிறுவன் கார்ட்டூனும் பக்கத்தில் பக்கத்தில் வரும். 1981இல் ஒருநாள் இரண்டின் வாசகங்களும் இடம் மாறி அச்சாகிவிட்டன. பாம்புக் குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கும் படத்துக்கான 'ஐயோ, மறுபடியும் ஹாம்ஸ்டர் எலியா!' என்ற அலுப்பு, சாண்ட்விச் தின்கிற சிறுவன் டென்னிஸின் வாய்க்கு வந்துவிட்டது. குட்டிப் பாம்போ, நல்லவேளை நான் வேர்க்கடலை வெண்ணெய் சாண்ட்விச் செய்யக் கற்றுக்கொண்டேன் என்கிறது. இரண்டுமே சிரிப்பை வரவழைக்கின்றன! இரண்டு ஜோக்கும் இதனால் மேம்பட்டதாகவே லார்சன் சொன்னார். சில காலம் கழித்து அதே பத்திரிகை அதே கோளாறை இன்னொரு முறையும் செய்தது.

அச்சுப்பிழையே இப்படி ஜோக்காகும்போது, ஓவியர் வேண்டுமென்றே வரைந்த ரம்பத்தில் அர்த்தம் தேடியவர்களை முட்டாள் என்பது அநியாயம்.

2026 ஜனவரியில் 'கரன்ட் பயாலஜி' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆஸ்திரியாவில் வெரோனிகா என்ற பசு, நீளமான கைப்பிடி உள்ள பிரஷ்ஷை வாயில் கவ்வி உடம்பைச் சொறிந்துகொள்கிறது. தடித்த முதுகுத் தோலுக்கு முள் பக்கம், மென்மையான அடிவயிற்றுக்குக் கைப்பிடிப் பக்கம். ஒரே சாமானில் இரண்டு வேலை, எது எதற்கு என்று யாருக்கும் சந்தேகமே வராது. லார்சனின் மாட்டுக்கு இந்த அளவுக்குத் தெளிவு இருந்திருந்தால் நாற்பது முனைவர்கள் நிம்மதியாக வேலையைப் பார்த்திருப்பார்கள்.