பத்து நாள் ஆய்வில் சாமை விளையாது

ஆய்வு மாணவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போகிறார்கள். ஊர்க்கவுண்டரைப் பார்க்கிறார்கள், அந்த மலை மக்களின் முன்னோரான அண்ணன் தம்பிகள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதையைப் பதிவு செய்கிறார்கள், பத்தாம் நாள் இறங்கிவிடுகிறார்கள். ஆய்வேட்டுத் தலைப்போ 'மலையாளிப் பழங்குடியினரின் வேளாண்மை'! இதைக் கள ஆய்வு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சாமை வைகாசி, ஆனியில் விதைப்பு. புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பு. மரவள்ளி பத்து மாதம் வரை மண்ணில் கிடக்கும். விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு மூன்றுக்கும் மலையில் இருக்க முடியாதவர் வேறு தலைப்பு எடுக்கட்டும்.

கேள்வித்தாளிலேயே கோளாறு தொடங்குகிறது. 'என்ன பயிர்?' என்றால் 'மரவள்ளி' என்பார்கள். ஜவ்வரிசி ஆலைக்குப் போய்க் காசாவது அதுதானே. கேழ்வரகோடு கலந்து விதைத்த கடுகும் வேலியில் படர்ந்த அவரையும் பேச்சில் வராது. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கொல்லையை ஒரு சுற்று நடந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். 'எத்தனை ஏக்கர்?' என்பதும் சரிவு நிலத்தில், பட்டா தாத்தா பேரிலேயே இருக்கும் வீட்டில், உருப்படாத கேள்வி. எத்தனை வள்ளம் (படி போல ஒரு தானிய அளவு) விதைத்தீர்கள் என்று கேளுங்கள், சட்டென்று சொல்வார்கள். வள்ளமும் படியும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அந்த வீட்டுப் படியிலேயே அளந்து தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். சாமைக்குத் தனியாக, கேழ்வரகுக்குத் தனியாக. ஒரு படி என்றாலும் எடை ஒன்றல்ல.

விதையைப் பற்றிப் பெண்களிடம்தான் பேச வேண்டும், டீக்கடையில் ஆண்களிடம் அல்ல. கட்டவெட்டிச்சாமை, மல்லியசாமை என்று பெயரை மட்டும் எழுதி வந்தால் போதாது. ஒரே விதைக்குப் பக்கத்து நாட்டில் (மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்) வேறு பெயர் இருக்கலாம். அவர்கள் சம்மதித்தால் ஒரு பிடி வாங்கி, பெயர், ஊர், மாதம் எழுதிக் காகித உறையில் போடுங்கள். பாலித்தீனில் போட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

'ரேஷன் அரிசி வந்தது, சாமை போச்சு' என்ற வாக்கியம் இல்லாத ஆய்வேடே இல்லை. 2011ல் இருந்து அரிசி இலவசம், அது உண்மைதான். ஆனால் சாமையைக் குத்தி அரிசியாக்கும் பாடு எவ்வளவு என்று உரல் பக்கத்தில் கடிகாரத்தோடு ஒரு பொழுது உட்கார்ந்து பார்த்தார்களா? எத்தனை படி காயவைத்தார்கள், எத்தனை பேர் குத்தினார்கள், முறத்தில் புடைத்து மறுபடி எத்தனை தடவை உரலில் போட்டார்கள், கடைசியில் எவ்வளவு அரிசி தேறியது? உமி நீக்கும் எந்திரம் உள்ள ஊரிலும் இல்லாத ஊரிலும் இதே கணக்கை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதன் பிறகு ரேஷன் கடையைக் குறை சொல்லலாம்.