அது பிவிபி இல்ல தம்பி

எங்கட ஒன்லைன் கேம் கில்டில (சேர்ந்து விளையாடுற கூட்டத்தில) புதுசா வந்த ஒராளைத் திரும்பத் திரும்ப வெட்டி விழுத்தின வீடியோவைக் குறூப்பில பகிடியாப் போட்டு, கேட்டா பிவிபி எண்டு சொல்லினம். ரெண்டு நாளா பேசாமத்தான் இருந்தனான். என்னத்துக்கு வில்லங்கம், சின்னப் பெடியள், நாளைக்கு வேற ஏதும் வீடியோ வந்தா இது அடிபட்டுப் போயிடும் எண்டு நினைச்சன். நேற்று இரவு பாத்தா அதுக்கு ரெண்டாம் பாகம் வேற போட்டிருக்கினம். அதாலதான் எழுதுறன். ஆரின்ர வீடியோ, எந்தக் குறூப், எந்தக் கேம் எண்டெல்லாம் சொல்லத் தேவையில்லை, இஞ்ச இருக்கிறவையில முக்கால்வாசிப் பேர் பாத்துச் சிரிச்ச ஆக்கள்தான். விசயம் தெரியாத ஆக்கள் குறை நினைக்காதேங்கோ, நீளமாத்தான் வரப்போகுது.

முதல்ல ஒண்டு. பாலத்தைத் தாண்டினா ஆளை ஆள் அடிக்கலாம் எண்டதே தெரியாத ஒருத்தரை, கேமுக்கு வந்து மூண்டு கிழமையான ஒருத்தரை, பையில பஞ்சையும் துணியையும் தவிர ஒண்டுமில்லாத ஒருத்தரை, எழுபதாம் லெவல்காரன் நிண்டு நாலு தரம் வெட்டி விழுத்திறதுக்குப் பேர் பிவிபி இல்ல. பிவிபி எண்டா ஆளோட ஆள் மோதுறது. மோதுறதுக்கு ரெண்டு பேர் வேணும், மோதுறம் எண்டு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கவும் வேணும். இதில ஒராளுக்குத்தான் தெரியும். மற்றவ பஞ்சு புடுங்கிக்கொண்டு நிண்டவ.

வீடியோவில வாற அந்த 'நூப் ரெய்லர்' (ஒண்டும் தெரியாத தையல்காரி) ஆரெண்டு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என்ர பெரியம்மாவின்ர மகள். அவவின்ர போனில கேமை ஏத்திக் குடுத்ததே நான்தான். அக்கா உண்மையாவே தைக்கிறவ. ஜனவரி வந்தா பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையள், ஆவணியில கலியாண பிளவுஸ், நடுவில கிழிஞ்ச காற்சட்டை, சாரத்துக்கு மூட்டுறது எண்டு மெசினை விட்டு எழும்ப நேரமில்லை. மகன் ஒன்பது மணிக்குப் படுத்தாப் பிறகு ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான் அவவின்ர ரைம். கேமுக்குள்ளயும் பஞ்சு எடுத்து, நூலாக்கி, துணியாக்கி அங்கி தைக்கலாம் எண்டு காட்டினோண்ண "இஞ்சயும் தையலோ" எண்டு சிரிச்சவ. பிறகு பாத்தா அதில எங்களை விட அவதான் கெட்டி. கில்டில புதுசா வந்த பெடியளுக்குப் பச்சை அங்கி ஒரு ஆறேழு தைச்சு சும்மா குடுத்தவ. காசு வேண்டேல்ல. உங்களில ரெண்டு பேர் இண்டைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரியிறியள், நான் பேர் சொல்லேல்ல.

பாலத்துக்கு அங்கால பஞ்சு கனக்கக் கிடக்குது எண்டு கண்டு போயிருக்கிறா. செத்தா பை அங்கயே கிடக்கும்தானே, அதை எடுக்கத் திரும்பப் போயிருக்கிறா. திரும்ப வெட்டு. திரும்பப் போயிருக்கிறா. வீடியோவில உங்களுக்குச் சிரிப்பா இருந்தது அந்தத் திரும்பத் திரும்பப் போறதுதான், ஓம் விளங்குது, பின்னால அந்த நகைச்சுவைச் சத்தத்தையும் போட்டா சிரிப்பு வரும்தான். ஆனா அண்டிரவு எனக்கு வந்த வொய்ஸ் மெசேஜை நீங்கள் கேக்கேல்ல. "தம்பி, நான் ஏதும் பிழையா அமத்திட்டனோ, கேம் பழுதாப் போச்சுப் போல கிடக்கு." தன்னை அடிச்சது ஒரு ஆள் எண்டே அவவுக்கு விளங்கேல்ல. கேமுக்குள்ள வாற பேய் பூதம் ஏதோ எண்டு நினைச்சிருக்கிறா. ஆள்தான் எண்டு விளங்கினது அடுத்த நாள், எங்கட சொந்தத்துக்க ஒருத்தன் அந்த வீடியோவை அனுப்பினாப் பிறகு.

இப்ப வாறன் உங்கட கதையளுக்கு. "பாலத்தில வோர்னிங் வருதுதானே, வாசிக்காதது ஆரின்ர பிழை?" வருது. இங்கிலிசில ஒரு வரி, கண் மூடித் திறக்க முதல் போயிடும், அதுவும் போன் ஸ்கிரீனில எறும்பு மாதிரி எழுத்து. அல்பியன் ஒன்லைன் விளையாடினவைக்குத் தெரியும், அங்க நீலம், மஞ்சள், சிவப்பு, கறுப்பு எண்டு இடங்கள் நிறமாப் பிரிச்சுக் கிடக்கு. நீலத்தில நிம்மதி. மஞ்சளில ஒருத்தன் விழுத்தினாலும் சாமான் உம்மட்டத்தான். சிவப்பிலயும் கறுப்பிலயும் செத்தா உடுப்போட எல்லாம் போகும். எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் சிவப்பு எண்டா என்ன எண்டு விளங்கும். அங்க போய்ச் செத்தா நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன், தெரிஞ்சுதானே போறது. என்ர கதை முழுக்க அவ்வளவுதான், தெரிஞ்சு வாறவனோட அடிபடுங்கோ.

அடுத்தது, எல்லாரும் பெரிய தத்துவம் மாதிரிச் சொல்லுறது: "நாங்களும் அடிவாங்கித்தான் பழகினம்." ஓமோம். நானும் வாங்கினனான். 2011, ஓஎல் சோதினை வருசம், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் றோட்டுப் பக்கம் ஒரு நெற் கஃபே, ரியூசன் காசில மிச்சம் பிடிச்சு ரூன்ஸ்கேப் எண்ட கேம். மாசக்கணக்கில மீன் பிடிச்சு, மரம் வெட்டி வித்து ஒரு ரூன் கவசச் செற் முழுசா வாங்கிப் போட்டிட்டு நிண்டன். ஒருத்தன் வந்து நல்ல பிள்ளையாக் கதைச்சான், வா, அந்தக் கிடங்கைத் தாண்டி வடக்கால போனா சும்மா சாமான் தருவன் எண்டான். அங்கால வில்டர்னஸ் எண்ட இடம், அதில ஆளை ஆள் அடிக்கிறது அப்பதான் திரும்ப வந்து கொஞ்ச நாள். எல்லையில நிண்டா கிட்டமுட்ட உங்கட லெவல்காரன்தான் அடிக்கலாம், உள்ளுக்குப் போகப் போக மேல் லெவல்காரனும் அடிக்கலாம், அதுக்காண்டித்தான் அவன் என்னை உள்ளுக்கு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனது. எனக்கு அது தெரியுமோ? மூண்டு சாமான்தான் மிஞ்சினது. சைக்கிளில வீட்ட வரும்வரைக்கும் கண் கலங்கிக் கொண்டே வந்தனான், அம்மா ரியூசனில அடிச்சவையோ எண்டு கேட்டவ.

அதால நான் என்ன பழகினனான் எண்டு கேளுங்கோ. ஒண்டும் பழகேல்ல. வாளைப் பிடிச்சுச் சண்டை பழகினது பிறகு, எனக்குச் சரிசமமான ஒரு கூட்டாளியோட, ரெண்டு பேரும் மலிவு உடுப்பைப் போட்டுக்கொண்டு போய். அடிவாங்கிப் பழகினம் எண்டு சொல்லுற உந்தக் கதை எனக்குப் புதுசில்லை, கம்பஸில முதல் வருசம் எங்களை முழந்தாளில நிப்பாட்டின சீனியர்மாரும் இதைத்தான் சொன்னவை. தாங்களும் வாங்கினவையாம், அதால நாங்களும் வாங்கோணுமாம், அதுதானாம் ஒற்றுமை. பகிடிவதைக்கு எதிரா 1998ல சட்டம் வந்த நாடு இது, ஆனா மனிசற்ற மண்டையில ஏறேல்ல. கேமை எதுக்கு இதுக்க இழுக்கிறாய் எண்டு கேப்பியள். ஏனெண்டா ரெண்டும் ஒரே சாமான். தனக்கு நடந்த அநியாயத்தை ஆருக்கும் திருப்பிக் குடுக்க ஏலாதவன், தன்னை விடச் சின்ன ஆளா ஒராளைத் தேடுறான்.

சரி, நான் கொஞ்சம் சூடாயிட்டன்.

"பிவிபியை எடுத்தா கேம் செத்திடும்" எண்டு ஒரு தம்பி பெரிய கட்டுரையே எழுதியிருந்தவர். ஆர் எடுக்கச் சொன்னது? நான் எடுக்கச் சொல்லேல்ல, சத்தியமாச் சொல்லேல்ல, நானே சனிக்கிழமை சனிக்கிழமை கோட்டைச் சண்டைக்கு வாறவன். ரூன்ஸ்கேப்பில 2007 டிசம்பரில வில்டர்னஸ் சண்டையை எடுத்தோண்ண சனம் கொதிச்சது உண்மைதான், ஆனா அதை எடுத்தது நூப்புகளுக்குப் பாவம் பாத்து இல்ல, களவாக் கேம் காசு விக்கிறவங்களை மறிக்க. அது வேற கதை, அதைக் கொண்டு வந்து இஞ்ச கொழுவாதேங்கோ. கொழுவுறதெண்டா இதைக் கொழுவுங்கோ: 1997ல வந்த அல்டிமா ஒன்லைனில பட்டணத்துக் காவலைத் தாண்டினா ஆரும் ஆரையும் கொல்லலாம். புதுசா வாறவன் வெளிக்கிட்டு வாசலைத் தாண்ட முதல் செத்துப் போவான். கடைசியா 2000ல என்ன செய்தவை தெரியுமோ, அதே உலகத்துக்கு அச்சொட்டா இன்னொரு உலகம் செய்து, ட்ரமெல் எண்ட புது உலகத்தில விரும்பாதவனை அடிக்க ஏலாது, பெலூக்கா எண்ட பழைய உலகத்தில அடிக்கலாம் எண்டு பிரிச்சவை. பெரும்பாலான சனம் ஓடினது ட்ரமெல்லுக்கு. அதோட கேம் செத்துப்போச்சு எண்டு இண்டைக்கும் ஒப்பாரி வைக்கிற பழைய ஆக்கள் இருக்கினம், இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா ஒப்பாரி வைக்கிறது வேட்டைக்காரர்தான், முயலில்லை. நியூ வேர்ல்ட் எண்ட கேமும் முதல்ல முழுப் பிவிபியாத்தான் செய்தது, சோதினைக் கட்டத்திலயே மேல் லெவல்காரர் கீழ் லெவல்காரரை வெட்டுற கூத்தைப் பாத்திட்டு, 2021ல வெளிவரேக்க விரும்பினா மட்டும் எண்டு மாத்திப் போட்டினம். வேர்ல்ட் ஒஃப் வோர்க்ராஃப்டில 2018ல இருந்து வோர் மோட் எண்டு சுவிச் மாதிரி ஒண்டு, விருப்பமெண்டா தலைநகரத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வா.

இதெல்லாம் குழந்தைப் பிள்ளைக் கேம், எங்கட கேம் ஈவ் மாதிரி ஆம்பிளையளின்ர கேம் எண்டு ஒருத்தர். (பொம்பிளையள் கனபேர் கில்டில இருக்கினம் தம்பி, எழுத முதல் யோசியும்.) ஈவ் ஒன்லைன் 2003ல இருந்து ஓடுது. ஏமாத்தலாம், களவெடுக்கலாம், கூட இருந்து குழி பறிக்கலாம், பாதுகாப்பான இடமெண்டு சொல்லுற இடத்திலயும் கப்பலை உடைக்கலாம், கொன்கோர்ட் எண்ட பொலிசு பிறகு வந்து உம்மட கப்பலையும் உடைக்கும், அவ்வளவுதான். அப்பிடிப்பட்ட கேமிலயே, புது ஆக்கள் தொடங்கிற சிஸ்டங்களில அவையைச் சீண்டக்கூடாது எண்டு விதி இருக்கு. அதை மீறினா நடவடிக்கை எடுப்பினம். துரோகத்தையே விளையாட்டாக்கி வைச்சிருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சது எங்கட கில்டுக்குத் தெரியேல்ல.

இன்னொண்டும் சொல்லோணும், இது ஆருக்கும் பிடிக்காது. வெட்டினவர் இருக்கிறது லண்டனில, சேர்வரும் ஐரோப்பாவில, அவருக்கு அடி விழ முதல் தெரியும். எங்களுக்கு இஞ்ச போன் டேற்றாவில பிங் (சேர்வருக்குப் போய்த் திரும்பி வாற நேரம்) நூற்றைம்பது மில்லிசெக்கனுக்குக் கீழ வந்தா அது பெருநாள். அக்கா அடி வாங்கினது ஸ்கிரீனில தெரியேக்க அவ செத்து அரைச் செக்கன் ஆகியிருக்கும். மழை வந்தா அதுவும் இல்லை. அந்தப் பெரிய கொம்பியூட்டரும் ரெண்டு ஸ்கிரீனும் வைச்சுக்கொண்டு, பழைய போனில பெருவிரலால அமத்துற ஒரு தையல்காரியை வெண்டு போட்டீர். கண்டறியாத வீரம். வடக்கின் போர் எண்ட பெரிய கிரிக்கெற் மச்சுக்கு அண்டர் 13 பெடியனை நடுவில இறக்கி, அவனுக்கு இண்டைக்கு மச் எண்டும் சொல்லாமல், விக்கெற் எடுத்திட்டன் எண்டு மைதானம் முழுக்க ஓடினமாதிரி.

பழக்கோணுமெண்டு உண்மையிலயே ஆசையெண்டா எத்தினை வழி இருக்கு. கில்ட் வோர்ஸ் 2ல பிவிபிக்குள்ள போனா புதுசா வந்தவனையும் எண்பதாம் லெவலாக்கி, ஒரே தரத்துச் சாமான் குடுத்துத்தான் விடுறது, பிறகு ஆர் கெட்டி எண்டு பாருங்கோ. நீங்களெல்லாம் முதல் நாள் பப்ஜியில சிக்கின் டின்னர் அடிச்சு (கடைசி வரைக்கும் நிண்டு வெண்டு) ஸ்கிரீன்ஷொட் போட்டனீங்கள்தானே, அந்த மச்சில நிண்டதில கனபேர் பொட், கேமே ஓட்டுற பொம்மையள், ஆக்களில்லை. உங்களை அண்டைக்கு ஆரோ மெல்லமா உள்ளுக்கு விட்டிருக்கிறான், அது உங்களுக்குத் தெரியாமலே. எனக்கு 304 எண்ட சீட்டு விளையாட்டுப் பழக்கேக்க மாமா முதல் ஒரு கிழமை சீட்டை விரிச்சு வைச்சுத்தான் விளையாடினவர், துரும்பைக் கூடக் காட்டிப்போட்டு. அதுக்குப் பிறகு கம்மாரிசு கேட்டு என்னை நாறடிச்சவர், அது வேற, ஆனா அப்ப நான் தெரிஞ்சு இருந்தனான். சீட்டெண்டோண்ண ஞாபகம் வருது, ரிச்சர்ட் பார்ட்டில் எண்டவர் 1996லயே ஒன்லைன் கேம் விளையாடுறவையை நாலு சீட்டுச் சாதியாப் பிரிச்சு எழுதினவர். சேர்க்கிறவன் டைமன், தேடித் திரியிறவன் இஸ்பேட், ஆக்களோட பழக வாறவன் ஆட்டின், அடிக்கிறவன் கிளாவர். கிளாவர் கூடக் கூட டைமனும் ஆட்டினும் குறைவினம் எண்டும் எழுதியிருக்கிறார். எங்கட கில்டில தை மாசம் எத்தினை பேர், இப்ப எத்தினை பேர் எண்டு எண்ணிப் பாருங்கோ. நான் எண்ணிப்போட்டன்.

"நீ மட்டும் என்ன திறமோ" எண்டு இன்பொக்ஸில கேட்டவருக்கு: இல்லை. நானும் ஒருக்கா செய்தனான், நாலைஞ்சு வருசத்துக்கு முந்தி, ஆற்றங்கரையில மீன் பிடிச்சுக்கொண்டு நிண்ட ஒருத்தனை. 'ஏன்' எண்டு மட்டும் அடிச்சிருந்தான், அதுவும் தமிழில. நான் பதில் போடாம வந்திட்டன். அது நான் செய்த பிழை, ஆனா நான் வீடியோ எடுக்கேல்ல, பாட்டுப் போடேல்ல. ஓம், அது பெரிய வித்தியாசம் இல்லையெண்டு எனக்கும் தெரியும்.

"அக்காவுக்கு ஏலாதெண்டா தோட்டம் செய்யிற கேம் விளையாடச் சொல்லு" எண்டது யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருத்தன்தான், அதுதான் கூட நொந்தது. அவ அதைப் பாத்தவ. ஒண்டும் சொல்லேல்ல, கேமை அழிச்சிட்டா. புதுசா ஆக்கள் வாறேல்லை, தமிழ் ஆக்களின்ர கில்ட் ஏன் வளருதில்லை எண்டு மாசா மாசம் மீற்றிங் வைக்கிறியள், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு எனக்கும் சொன்னியள், நானும் கூட்டிக்கொண்டு வந்தன். இனி ஆரைக் கேப்பன்.

வீடியோ போட்ட தம்பி, உம்மில எனக்குப் பெரிய கோவமில்லை, வயசு அப்பிடி. ரெண்டையும் அழிச்சுவிடும், மன்னிப்புக் கின்னிப்பு ஒண்டும் வேண்டாம். அட்மின் அண்ணை, 'இது குறூப்புக்கு வெளியில தீர்க்க வேண்டிய பிரச்சினை' எண்டு நடுநிலையா எழுதியிருந்தியள், வாசிச்சனான். அந்த வீடியோவுக்கு ஹாஹா போட்ட ஆக்களின்ர லிஸ்டையும் கீழ கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தனான் அண்ணை.