முக்கால் பங்கு டெபாசிட் விஷயத்தில் கை வைக்காதீர்கள்

கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ லேத் பட்டறை வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஆர்டர் பிடிப்பதைவிட, முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வாங்குவதுதான் பெரும்பாடு என்பார்கள். பில் போட்டுவிட்டால் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். சனிக்கிழமை வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். கம்பெனிக்காரர் மட்டும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்.

இதற்குச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டமே இருக்கிறது. தோற்ற கம்பெனி முக்கால் பங்குத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் நீதிமன்றம் போக முடியும் என்று அதில் இருக்கும் விதியைப் பற்றித்தான் பேச வந்தேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6.75 ஆக இருந்த 2023-24ல் இது ஆண்டுக்கு 20.25 சதவீதம். பணம் வராவிட்டால், இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்க இதே சட்டப்படி அமைத்த வசதியாக்கக் கவுன்சிலில் மனு போடலாம். கவுன்சில் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவர் முறையில் தீர்ப்புக்குப் போகும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

அப்புறம் ஏன் பலர் போவதில்லை? மனு போட்ட மறுநாளே ஆர்டர் நின்றுவிடும் என்ற பயம்தான். கம்பெனியோடு உறவு முறிந்து, இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்தவர்களே அந்தப் படியேறுகிறார்கள். அப்படி வருகிறவரைச் சட்டம் காப்பாற்றுவது ஒரே ஒரு இடத்தில், 19ஆம் பிரிவில். கவுன்சில் தீர்ப்பை ரத்து செய்யக் கோரி, சரக்கு வாங்கியவர் நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் டெபாசிட் கட்ட வேண்டும். அதில் நியாயமான ஒரு பகுதியை வழக்கு நடக்கும்போதே சரக்கு கொடுத்தவருக்குத் தரச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு வழியிருக்கிறது. இந்தப் பிரிவு இல்லையென்றால் கவுன்சில் தீர்ப்பு வெறும் காகிதம். வக்கீல் பீஸ் கட்டப் பணம் வைத்திருப்பவர் பத்து வருஷம்கூட இழுக்கலாம். பட்டறைக்காரர் வங்கித் தவணை கட்ட முடியாமல் லேத்தை விற்றுவிட்டுப் போயிருப்பார்.

டெபாசிட் கட்டாமல் தப்பிக்கப் பலர் பிடித்த வழி, உயர் நீதிமன்றத்தில் நேராக ரிட் மனு, அதாவது அரசு அமைப்பின் முடிவை எதிர்த்து அரசியலமைப்புப்படி போடும் மனு. 2023 நவம்பரில் இந்தியா கிளைகால்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்தியது. தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் டெபாசிட் கட்டிவிட்டு, நடுவர் தீர்ப்புகளை எதிர்க்க வழிசொல்லும் நடுவர் சட்டப்படி வா, ரிட் செல்லாது என்றது. ஆனால் 2025 ஜனவரியில், தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில், ரிட்டை ஒரேயடியாக மறுக்க முடியுமா என்ற கேள்வியை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பிவிட்டது. சமரசம் பேசிய கவுன்சில் உறுப்பினர்களே நடுவராகவும் உட்காரலாமா என்பது அதோடு சேர்ந்து போன இன்னொரு கேள்வி.

இரண்டாவது கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். சமரசப் பேச்சில் நீ எவ்வளவுக்கு இறங்கி வந்தாய் என்று தெரிந்தவரே தீர்ப்பும் எழுதினால் தோற்றவருக்கு நம்பிக்கை வராது. அதற்கு வேறு ஆட்களைப் போடட்டும், கவுன்சிலுக்கு முழுநேர உறுப்பினர்களைத் தரட்டும். அதைக் காரணமாக வைத்து ரிட் வாசலை அகலத் திறந்தால் 19ஆம் பிரிவு செத்துப்போகும். நோட்டீசே கொடுக்காமல் தீர்ப்பெழுதினார்கள், அதிகாரமே இல்லாத விஷயத்தில் தீர்ப்பெழுதினார்கள் என்பது போன்ற அபூர்வ வழக்குகளுக்கு வழி இருக்கட்டும். அங்கேயும் முக்கால் பங்கைக் கட்டிவிட்டு வாதாடட்டும் என்பதுதான் என் கட்சி.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவிலும் இதே இழுபறி. சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்குச் சட்டம் உதவாது என்று 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பதிவு அவ்வளவு கட்டாயமா என்று 2025 ஜனவரியில் வேறொரு அமர்வு சந்தேகப்பட்டு, அதையும் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. எதையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம், இன்னும் பதியாதவர்கள் இன்றே பதிந்துவிடுங்கள். கட்டணம் கிடையாது.

2023 நிதிச் சட்டத்தில் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு திருத்தம் செய்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டிய பாக்கியைக் கொடுக்கும்வரை வாங்கியவர் அதை வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. ஜவுளி வியாபாரிகளிடம் இதற்குப் பெரிய எதிர்ப்பு இருந்தது. பட்டறைக்காரர் யார் மீதும் வழக்குப் போடாமலே வேலை செய்யும் விதி என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்காமல் சரக்கை இறக்காதீர்கள். சரக்கில் குறை என்றால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் டெலிவரி ஆன நாளிலிருந்தே கெடு ஓடும். ஆறு மாதம் கழித்து ரிஜெக்‌ஷன் என்று, பாக்கியில் கழித்துக்கொள்ள டெபிட் நோட்டு நீட்டும்போது, கவுன்சிலில் உங்கள் பக்கம் பேசப்போவது அந்தச் சலான்தான்.